நாற்பதில் ஏழு

பேரிக்காயைப் பறிக்கும்போது கீழே இழுக்கக் கூடாது. உள்ளங்கையில் ஏந்தி மெல்ல மேலே தூக்கினால் போதும், காம்போடு தானாகவே கையில் வந்துவிடும். இழுத்தால் கிளை நுனி முறிந்துவிடும், அடுத்த வருஷத்து மொட்டும் அதோடு போய்விடும். புதிதாக வருகிறவனுக்கு இதைப் பழக்க அரைநாள் ஆகும். இயாவிஸ் நக்காட்டுக்கு இரண்டு மரம்தான் ஆனது. மூன்றாவது மரத்தில் அவன் என்னைவிடச் சுத்தமாகப் பறித்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் மோசமான வேலைக்காரன், அதனால் எனக்குப் பிடிக்காமல் போனது என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது.

என் பெயர் டெஸ்மண்ட் ஓக்லி. வயது அறுபத்து மூன்று. ஷெப்பர்ட்டனுக்கு வடக்கே, திருமதி கவனாவின் தோப்பில் பத்தொன்பது வருஷம் கங்காணியாக இருந்தேன். ஒவ்வொரு பருவத்துக்கும் வனுவாட்டு தீவுகளிலிருந்து இருபது, இருபத்திரண்டு ஆண்கள் வருவார்கள். ஒன்பது மாதம் தோப்புக் குடியிருப்பில் தங்கிப் பறிப்பார்கள், பிறகு ஊருக்குப் போவார்கள். இயாவிஸ் தான்னா தீவுக்காரன். இறந்தபோது அவனுக்கு முப்பத்தொரு வயது. அது அவனுக்கு இரண்டாவது பருவம்.

மரண விசாரணை மன்றத்தில் நான் கொடுத்த வாக்குமூலம் உங்கள் போலீஸ் கோப்பில் இருக்கிறது. இருந்தாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, இங்கே அது நடுக்கோடை. வெயில் நாற்பத்து மூன்று டிகிரி. அப்படிப்பட்ட நாளில் ஒவ்வொருவரும் முறைவைத்து அரைமணி நேரம் நிழலில் உட்காரலாம் என்பது தோப்பின் விதி. காலையில் கல்தோங் என்பவன் உட்கார்ந்து எழுந்தான். எஃபாத்தே தீவுக்காரன், இயாவிஸைவிட நாலைந்து வயது மூத்தவன். மதியம் ஒரு மணிக்கு இயாவிஸ் என்னிடம் வந்து தலை சுற்றுகிறது, நிழலுக்குப் போகட்டுமா என்று கேட்டான். நான் அவனைக் கல்தோங் என்று நினைத்துக்கொண்டேன். உன் முறைதான் காலையிலேயே முடிந்துவிட்டதே என்று திருப்பி அனுப்பினேன். இருபது நிமிஷத்தில் அவன் ஏணியிலிருந்து விழுந்தான். மாலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியில் இறந்தான். அங்கேயும் பெயர் கேட்டபோது கல்தோங் என்றே சொன்னேன். அதனால் கல்தோங்கின் வீட்டுக்குச் சாவுச் செய்தி போனது. மறுநாள் காலை, ஆட்களை வரவழைக்கும் ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் துக்கம் சொல்லக் குடியிருப்புக்கு வந்தாள். கதவைத் திறந்தது கல்தோங்.

இரண்டு தாடிக்கார ஆட்களை ஒரு வெள்ளைக்காரக் கிழவன் மாற்றி நினைத்துவிட்டான். மன்றம் நம்பியது இதைத்தான். நம்ப வைத்தவர் உளவியல் பேராசிரியர் இங்கிரிட் வெஸ்டன். அவர்மீது எனக்கு மரியாதை உண்டு. நல்ல மனுஷி, பொய் சொல்லத் தெரியாதவர்.

அவர் மன்றத்தில் விளக்கியது இதுதான். பிறந்ததிலிருந்து நாம் எந்த முகங்களுக்கு நடுவே வளர்கிறோமோ, அந்த முகங்களைப் பிரித்துப் பார்க்கத்தான் கண் பழகுகிறது. வேறு இனத்து முகம் வந்தால் கண் அதை ஒரு முகமாகவே பார்ப்பதில்லை. கறுப்பர் என்றோ, சீனர் என்றோ, வெள்ளையர் என்றோ ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் பார்வையை நகர்த்திவிடுகிறது. இது வெறுப்பால் வருவதல்ல. வெறுப்பே இல்லாதவர்களுக்கும் வரும், எல்லா இனத்தாருக்கும் வரும். சாட்சி சொல்ல வந்த எத்தனையோ நல்லவர்கள் இப்படித்தான் குற்றமில்லாத ஆளைக் காட்டிச் சிறைக்கு அனுப்பியிருக்கிறார்கள், மனமறிந்து அல்ல என்றார்.

அவர் பேசி முடித்ததும் இயாவிஸின் மனைவி நெல்லி எழுந்தாள். தான்னாவிலிருந்து வரவழைத்திருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் திணறித் திணறிச் சொன்னார். அவருக்காக நான் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

"ரெண்டு வருஷமா தெனமும் பாத்த மூஞ்சி. ஒரு நாய்க்குக்கூட அடையாளம் தெரிஞ்சிருக்கும். இந்தம்மா படிச்சவங்க, பழியத் தூக்கிக் கண்ணு மேல போடறாங்க. கண்ணு என்ன பண்ணும்? எம் புருஷன மேல ஏறச் சொன்னது கண்ணா, வாயா?"

விசாரணை நடத்தியவர் மிகவும் கனிவாக, உட்காருங்கள் அம்மா என்றார். அவள் உட்காரவில்லை. கடைசிவரை நின்றுகொண்டே இருந்தாள். தீர்ப்பு, துயரமான தவறு என்று வந்தது. என்மேல் வழக்கு எதுவும் இல்லை.

நீங்கள் மேஜைமேல் வைத்திருக்கும் அந்தத் தாளுக்கு வருகிறேன். விசாரணைக்கு முன் பேராசிரியர் எனக்கு ஒரு சோதனை வைத்தார். கணினித் திரையில் முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். இருபது வெள்ளையர், இருபது தீவுக்காரர். அரைமணி கழித்து அதே முகங்களோடு அதே அளவு புது முகங்களையும் கலந்து காட்டினார். பார்த்த முகமா, பார்க்காத முகமா, இவ்வளவுதான் கேள்வி. வெள்ளையர் நாற்பதில் முப்பத்தாறு சரியாகச் சொன்னேன். தீவுக்காரர் நாற்பதில் ஏழு.

இவ்வளவு பெரிய வித்தியாசத்தை இதற்கு முன் பார்த்ததில்லை என்று அவர் மன்றத்தில் சொன்னார். அந்த வித்தியாசத்தில் மயங்கி, ஏழு என்பதைத் தனியே எடுத்து அவர் பார்க்கவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பழைய தாள்களைப் புரட்டும்போதுதான் அவருக்கு அது உறைத்திருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு மனம்போனபடி பதில் சொன்னாலும் நாற்பதில் இருபது சரியாக வந்துவிடும். ஏழு மட்டும் சரியாக வர வேண்டுமானால், மீதி முப்பத்து மூன்றுக்கும் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்திருந்தது. இருபது முகமும் பச்சை குத்தியது போல மனதில் இருந்தன. ஒருவனுக்குக் காதுமடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. ஒருவன் முந்தின நாள் அழுதவன் போலிருந்தான். எல்லாவற்றையும் தப்பாகச் சொன்னால் சந்தேகம் வரும் என்று ஏழு விடைகளை மட்டும் சரியாக விட்டுவைத்தேன். கொஞ்சம் அதிகமாகவே விட்டிருக்கலாம். எனக்குக் கணக்கு என்றும் வந்ததில்லை.

சோதனைக்கு முன் ஒரு படிவமும் கொடுத்தார். குழந்தைப் பருவத்தை எங்கே கழித்தீர்கள் என்று அதில் ஒரு கேள்வி. விக்டோரியா என்று எழுதினேன். பிறந்தது விக்டோரியாதான். ஆனால் எனக்கு இரண்டு வயதாகும்போது அப்பா சாண்டோ தீவில் மரம் அறுக்கும் ஆலையை நடத்தப் போனார். பதினொரு வயதுவரை அங்கேதான் இருந்தேன். சாண்டோவும் இன்றைய வனுவாட்டுதான். என்னோடு ஓடியவர்கள், நீந்தியவர்கள், என்னை அடித்தவர்கள் எல்லாரும் தீவுப் பிள்ளைகள். அவர்களுடைய பொது மொழியான பிஸ்லாமாவில்தான் நான் கனவு கண்டேன். திரும்பி வந்து இங்கே பள்ளியில் சேர்ந்தபோது எனக்கு வெள்ளைக்காரப் பையன்கள்தான் எல்லாரும் ஒரே மாதிரி இருந்தார்கள். வெளுத்த முகம், படிந்த முடி, நீலக் கண். கிரெய்கை ராபர்ட் என்று கூப்பிட்டு மூக்கில் குத்து வாங்கினேன். அவர்களைப் பிரித்தறியப் பழக ஒரு வருஷம் ஆனது. அதனால் இரண்டு இன முகமும் தெரிந்த கண் எனக்கு. இந்த மாவட்டத்தில் வேறு யாருக்கும் அப்படி இருக்காது.

அதைத் தோப்பில் யாரிடமும் சொன்னதில்லை. மொழி தெரியும் என்று காட்டிக்கொண்டால் ஆட்கள் உரிமை எடுத்துக்கொள்வார்கள். தெரியாதது போல இருந்தால் நம் காதுபடவே எல்லாம் பேசுவார்கள். கங்காணிக்கு இரண்டாவதுதான் வசதி.

அப்படித்தான் என் பட்டப்பெயர் எனக்குத் தெரிந்தது. இடுப்பு மூட்டு தேய்ந்ததிலிருந்து நான் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்து நடப்பேன். தென்னை ஏறும் பெரிய நண்டு அவர்கள் தீவில் உண்டு. அந்தப் பெயரை எனக்கு வைத்தது இயாவிஸ்.

"நண்டு வருது, ஏணிய நேரா வைங்கடா," என்பான் மரத்துக்குள்ளிருந்து. "முன்னாடி பாக்காதீங்க, அது சைடுலதான் வந்து கடிக்கும்."

இருபது பேரும் சிரிப்பார்கள். நானும் புரியாதவன் போல, என்னப்பா ஜோக்கு, எனக்கும் சொல்லுங்களேன் என்பேன். ஒன்றுமில்லை பாஸ், வெயிலைப் பற்றிப் பேசுகிறோம் என்பான் இயாவிஸ். அவன் அடுத்தவர்களைப் போல நன்றாக நடித்துக் காட்டுவான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் டிராக்டரிலிருந்து இறங்குவதை அவன் செய்து காட்டியதைக் கொட்டகை ஜன்னல் வழியாக ஒருநாள் பார்த்தேன். இறங்கியதும் இடுப்பைத் தடவிக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று நான் திரும்பிப் பார்ப்பேனாம். அந்தப் பழக்கம் எனக்கு இருப்பது எனக்கே அதுவரை தெரியாது. அவன் என்னை அவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறான்.

அதற்காக அல்ல. ஒரு பட்டப்பெயருக்காக யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின வியாழக்கிழமை திருமதி கவனா தோப்புக்கு வந்தார். பறித்த காய்களைச் சேர்க்கும் மரத்தொட்டிகளில் அடிபட்ட காய்கள் அதிகமாக இருந்தன. ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"என்ன டெஸ் இது? பாதிக்குப் பாதி கன்னிப்போயிருக்கு."

"பசங்க பைய மேலேருந்து கொட்டிடறாங்கம்மா. சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது," என்றேன்.

பக்கத்து ஏணியிலிருந்து இயாவிஸ் இறங்கி வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். மரியாதையாகத்தான் பேசினான்.

"இல்லம்மா. பைய நாங்க தொட்டிக்குள்ள எறக்கி வச்சுத்தான் அவுப்போம். வந்து பாருங்க, ஓரத்துத் தொட்டியில ஒண்ணுகூட அடிபடல. டிராக்டர்ல போனதுதான் அடிபட்டிருக்கு. பாஸ் பள்ளத்துல கொஞ்சம் வேகமா ஓட்டறாரு."

அந்த அம்மாள் போய்ப் பார்த்தார். அவன் சொன்னது சரியாக இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "அறுபது வயசுக்கு மேல ரேஸ் ஓட்டறியா டெஸ்?" என்றார். ஆட்களும் சிரித்தார்கள். இயாவிஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால் ஒருவேளை எனக்கு ஆறியிருக்கும். எனக்காக வருத்தப்படுகிறவன் போல நின்றான்.

அதற்காகவும் அல்ல. ஐந்து நாள் ஆகிவிட்டது. கோபமெல்லாம் தணிந்திருந்தது. இதைச் சொல்லும்போது என் குரல் உயர்கிறதா, பாருங்கள்.

விசாரணைக்குப் பிறகு என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் ஒரு பேச்சாளனாகிவிட்டேன். தோட்டத் தொழில் சங்கம் ஒன்று என்னை ஊர் ஊராக அழைத்துப் போனது. கங்காணிகளுக்கும் முதலாளிகளுக்கும் நடுவே நின்று, என் கண் என்னை ஏமாற்றியது, உங்களுக்கும் அப்படி நடக்கலாம், உங்கள் ஆட்களின் முகத்தைப் படியுங்கள் என்று சொல்வேன். பெண்கள் அழுவார்கள். பேச்சு முடிந்ததும் முரட்டு ஆண்கள் வந்து கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். ஆளை அடையாளம் தெரிவதற்காக எண் போட்ட மஞ்சள் தொப்பி கொடுக்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். பல தோட்டங்களில் கொடுத்தார்கள்.

போன மாதம் மில்டூராவில் திராட்சைத் தோட்டக்காரர்களுக்குப் பேசினேன். பகல் சாப்பாட்டுக்கு முன், சமுதாயக் கூடத்தில். கடைசி வரிசையில் தொழிலாளிகள் சிலரையும் உட்கார வைத்திருந்தார்கள். நான் வழக்கம்போல, ஒரு மனிதனை இன்னொருவன் என்று நினைத்தேன் என்கிற இடத்துக்கு வந்ததும் ஒருவன் எழுந்தான். பதினான்காம் எண் தொப்பி. கல்தோங்.

"பாஸ், ஒரு கேள்வி," என்றான். முதலில் குரல் நிதானமாகத்தான் இருந்தது. "ஆறு வரிச தள்ளி நின்னுக்கிட்டு, 'கல்தோங், ஏணிய நகத்து'ன்னு கூப்புடுவீங்களே, அது யார நெனச்சுக் கூப்பிட்டீங்க?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன்.

"முதுகப் பாத்தே பேரு சொல்லுவீங்க. ஒருநாள்கூட மாத்திச் சொன்னதில்ல. இருமுறதக் கேட்டே யாருன்னு சொல்லுவீங்க. நாங்க ஆச்சரியப்படுவோம். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் உங்க கண்ணு கெட்டுப்போச்சா?"

யாரோ அவனை உட்காரச் சொன்னார்கள். அவன் தொப்பியைக் கழற்றி மேடையை நோக்கி வீசினான். அது பாதியிலேயே விழுந்தது.

"எங்கம்மா என் சாவுக்குத் தலைமயிர வெட்டிக்கிட்டா. குடியிருப்புல போன் எடுக்காது, நான் உசுரோட இருக்கேன்னு சொல்ல ஆளில்ல. ஊரே கூடிக் குழி தோண்டிருச்சு. நெல்லிக்கு அன்னிக்கு முழுக்க எதுவுமே தெரியாது, புருஷன் நல்லாருக்கான்னு சந்தைக்குப் போயி கெழங்கு வித்துட்டிருந்தா. நீ இங்க நின்னு கண்ணு ஏமாத்திருச்சுன்னு கத சொல்ற. எங்க எல்லார் தலையிலயும் நம்பர் மாட்டி வச்சிருக்க. அடுத்த வருஷம் வேலைக்குக் கூப்பிட மாட்டியோன்னு பயந்துதான் ரெண்டு வருஷம் வாய மூடிட்டிருந்தேன். அந்த வெட்கம் எனக்கு. உனக்கு என்ன?"

பிறகு அவன் பிஸ்லாமாவில் ஒரு வாக்கியம் சொன்னான். கூடத்தில் அவன் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் அது புரிந்திருக்கக் கூடாது. என் முகம் மாறியிருக்க வேண்டும். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இனி சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனான். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறான்.

அந்த வாக்கியம், அன்றைக்கு மரத்தடியில் நான் இயாவிஸிடம் சொன்னது. பக்கத்து வரிசையில் கல்தோங் இருந்தது எனக்குத் தெரியாது. அவன் காதில் பாதிதான் விழுந்திருக்கும். மீதியை நான் சொல்கிறேன்.

முதலில் ஆஸ்பத்திரி. ஆம்புலன்சுக்குப் பின்னால் என் காரில் நாற்பது நிமிஷம் போனேன். என்ன சொல்வது என்று யோசிக்க அது போதுமான நேரம். அவனை அவன் என்று தெரிந்துகொண்டே திருப்பி அனுப்பினேன் என்றால் ஒரு கதை. வேறு ஆள் என்று நினைத்து அனுப்பினேன் என்றால் இன்னொரு கதை. இரண்டாவது கதை நிற்க வேண்டுமானால், நான் இன்னும் அப்படியே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். மாலையில் நர்ஸ் தாளும் பேனாவுமாக வந்தாள். துணியை விலக்கினாள். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு, மேல்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி. ஆயிரம் பேரில் கண்டுபிடிப்பேன். "இவரு பேரு என்னங்க?" என்றாள். "கல்தோங்," என்றேன். எழுத்துக் கூட்டியும் சொன்னேன். ஒரு தாய் ஒரு நாள் தேவையில்லாமல் அழுவாள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் மகன் திரும்பக் கிடைப்பான், அழுததைவிட அதிகமாகச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இனி ஒரு மணிக்கு நடந்தது. அவன் வந்து மரத்தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. அந்த வெயிலில் தோல் காய்ந்திருந்தால் என்ன அர்த்தம் என்று எந்தக் கங்காணிக்கும் தெரியும்.

"பாஸ், தல சுத்துது. கண்ணு இருட்டிக்கிட்டு வருது. கொஞ்ச நேரம் நெழல்ல ஒக்காந்துக்கறேன்."

"ஒம் மொறதான் காலையிலயே முடிஞ்சுதே," என்றேன்.

"இல்ல பாஸ், காலையில ஒக்காந்தது கல்தோங். நான் இயாவிஸ்."

"தெரியும்," என்றேன்.

அவன் புரியாமல் என்னைப் பார்த்தான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எழு என்றேன். எழவில்லை. அவனுக்கு ஆங்கிலம் காதில் ஏறவில்லை என்று நினைக்கிறேன், அல்லது என் சொல்லுக்கு அவனிடம் மதிப்பு இல்லை. அப்போதுதான் அந்தத் தோப்பில் முதல் முறையாக அவர்கள் மொழியில் பேசினேன்.

"எந்திரி தம்பி. இந்த ஒரு மரம்தான். இத முடிச்சிட்டு ரெண்டு பேரும் சேந்து நெழல்ல ஒக்காரலாம்."

அவன் தலையைத் தூக்கினான். அந்த முகம் மலர்ந்ததை நான் யாருக்கும் விவரிக்க முடியாது. வழி தவறியவன் தன் வீட்டு விளக்கைப் பார்த்தது போல.

"பாஸ், நீங்க எங்க ஊரு ஆளா? இத்தன நாளா சொல்லவே இல்லியே." அதற்குள்ளும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப நண்டு..."

"எல்லாம் கேட்டுச்சு," என்றேன்.

"மன்னிச்சிருண்ணே," என்றான். கையை நீட்டினான். நான் பிடித்துத் தூக்கிவிட்டேன். அடுப்புக் கல்லைத் தொட்டது போல இருந்தது அந்தக் கை. பறிப்புப் பையைத் தோளில் மாட்டிவிட்டேன், ஏணியை நேராக்கி வைத்தேன். அண்ணன் சொன்ன வேலையைச் செய்யப் போகிறவன் போல ஒவ்வொரு படியாக ஏறினான். நான் அடுத்த வரிசைக்கு நடந்தேன். விழும் சத்தம் கேட்டபோது உடனே திரும்பவில்லை. அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் போனேன்.

இவ்வளவுதான். ஆனால் என்னை மிருகம் என்று எழுதிவிடாதீர்கள். நான் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. பத்தொன்பது வருஷத்தில் வேறு யாரிடமும் அப்படிப் பேசியதில்லை. அவன் தாய் பேசும் மொழியில், தம்பி என்று கூப்பிட்டு, அன்பாகத்தான் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.